திருவாரூரிலிருந்து ஒரு நாள் கார்: கலைஞர் பிறந்து வளர்ந்த ஊர்களைச் சுற்றிக்காட்டும் ஓட்டுநர்

திருவாரூர் ரயிலடிக்குப் பக்கத்து கார் ஸ்டாண்டில் ஒரு தம்பி இருக்கிறார். கலைஞர் மு. கருணாநிதியின் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மற்ற ஓட்டுநர்களே அவரைக் கைகாட்டி விடுவார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, திருவாரூர், காட்டூர், திருக்குவளை எல்லாம் பார்த்துவிட்டு மாலை ஐந்து, ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். எங்களிடம் வாங்கியது 2,800 ரூபாய், டீசலும் பேட்டாவும் அதிலேயே அடக்கம். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். பழைய எட்டியோஸ் வண்டிதான், ஆனால் ஏசி ஒழுங்காக வேலை செய்கிறது, சீட்டு சுத்தமாக இருக்கிறது. நான், என் தங்கை, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் பேத்தி மூன்று பேரும் போனோம்.

கார் வாடகைக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. நான் எழுதக் காரணம், இந்தத் தம்பி வண்டி ஓட்டுவதோடு நிற்கவில்லை என்பதுதான். ஒரு தலைவருடைய வாழ்க்கையை எந்த மண்ணில் நின்று சொன்னால் புரியுமோ அங்கே நிறுத்திச் சொல்கிறார். நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்கள் வீட்டில் கலைஞர் பெயர் அன்போடும் பேசப்பட்டது, கோபத்தோடும் பேசப்பட்டது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அவரைப் பற்றி யாராவது பேசினால் காது கொடுத்துக் கேட்பேன். பேத்திக்கோ கலைஞர் என்றால் சக்கர நாற்காலி, கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, கரகரத்த குரல், அவ்வளவுதான். அவள் பிறந்ததே இந்த நூற்றாண்டில்.

முதல் நிறுத்தம் கமலாலயம், திருவாரூர்க் கோயில் குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி (வேலி என்பது பழைய நில அளவு) என்று எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேல்கரையில் காரை ஓரம் கட்டிவிட்டு, தம்பி குளத்தைக் காட்டித்தான் கதையை ஆரம்பித்தார். திருக்குவளையிலிருந்து வந்த பையனை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள், நுழைவுத் தேர்வில் தேறவில்லை. சேர்த்துக்கொள்ளாவிட்டால் எதிரே இருக்கும் கமலாலயத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமையாசிரியரிடமே சொல்லி இடம் வாங்குகிறான் அந்தப் பையன். கலைஞரே எழுதிவைத்த சம்பவம் இது. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு. பேத்தி படியில் இறங்கி நின்று கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். அப்போது கலைஞருக்கு 14 வயது. தமிழ்க் கொடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்து இந்தத் தெருக்களில்தான் ஊர்வலம் போனார். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10-ல் முரசொலியைத் துண்டறிக்கையாக வெளியிட்டபோது ‘சேரன்’ என்ற பெயரில் எழுதினார். 1948-ல் அது திருவாரூரிலிருந்தே வார இதழாக வந்து, 1960-ல் சென்னையில் நாளிதழானது. இந்த ஆண்டுகளையெல்லாம் தம்பி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லும் கைடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளி இறுதித் தேர்வில் கலைஞர் தேறவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்புறம் தேரடி. திருவாரூர்க் கோயிலின் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. 1970-ல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோதுதான் மறுபடி ஓடியது. கடவுள் மறுப்பு பேசியவர் எதற்குத் தேரை ஓட்டினார் என்று பேத்தி கேட்டாள். “ஊரு தேரு பாப்பா அது. அவரு வெளையாடுன தெருவுல நின்ன தேரு” என்றார் தம்பி. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. என் தங்கைக்குப் போதவில்லை. அவள் காட்டூர் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

காட்டூரில் கலைஞரின் தாயார் அஞ்சுகம் அம்மையாரின் நினைவிடம் இருக்கிறது. பக்கத்திலேயே கலைஞர் கோட்டம். தேர் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். 2023 ஜூன் 20-ல் திறந்தார்கள், அங்குள்ள நூலகத்தை பீகாரின் தேஜஸ்வி யாதவ் திறந்துவைத்தார். இந்த இடத்தைப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. பெரிய கட்டடம், நன்றாகப் பராமரிக்கிறார்கள், போய்ப் பாருங்கள். தம்பியும் இங்கே அதிகம் பேசவில்லை, நாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று வெளியே நின்றுகொண்டார்.

அங்கிருந்து திருக்குவளை போகும் வழிதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி. திருத்துறைப்பூண்டி சாலையில் கச்சனம் வந்து கிழக்கே திரும்புகிறோம். வெண்ணாற்றின் கிளைகள் பாண்டவையாறு, வெள்ளையாறு என்று வழியில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. இது கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. மேட்டூரில் ஜூன் 12-ல் கதவைத் தூக்கினாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், சில வருடம் வரவே வராது. நிலத்தடியில் உப்பு ஏறிக் கிடப்பதால் பல ஊர்களில் போர் போட்டும் பிரயோசனமில்லை. 1990-ல் கலைஞர் ஆட்சியில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபோது, பம்புசெட் வைத்திருந்த மேல்பக்கத்து ஊர்களுக்குக் கிடைத்த பலன் எங்களுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம்.

அதனால் ஒரு பாலத்தருகே நிறுத்தி தம்பி காவிரி விஷயத்தை எடுத்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1924 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூன் 3-ல் திருக்குவளையில் கலைஞர் பிறந்தார். ஒப்பந்தத்தின் 50 ஆண்டு முடிந்த 1974-ல் முதலமைச்சர் அவர்தான். இந்தத் தகராறைத் தீர்க்கக் காவிரி நடுவர் மன்றம் அமைத்த 1990 ஜூனிலும் முதலமைச்சர் அவர்தான். 2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோதும் அவர்தான். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய தண்ணீரை 177.25 டிஎம்சியாக (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) குறைத்துத் தீர்ப்பு சொன்னது, ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது, ஆகஸ்ட் 7-ல் கலைஞர் காலமானார். ஒரு மனிதர் ஆயுள் முழுக்க இந்த வழக்கு கூடவே வந்திருக்கிறது. இவ்வளவு காலம் அரசியலில் இருந்த ஒருவரை டெல்டாக்காரன் வேறு எதை வைத்து அளப்பான்?

ஆனால் தம்பி ஒன்றை விட்டுவிட்டார், அதை நான் அங்கேயே கேட்டேன். 1971-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் காவிரி வழக்குப் போட்டது, 1972-ல் திரும்பப் பெற்றது. பேசித் தீர்க்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி சொன்னதால் வாபஸ் வாங்கினோம் என்பது கலைஞர் தரப்பு. கையில் இருந்த வழக்கை விட்டிருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் தரப்பு. அப்பா சாகும் வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் ஓட்டுப் போட்டது என்னவோ உதயசூரியனுக்குத்தான். “அதைச் சொன்னா சில பேரு கோவிச்சிக்கிறாங்கம்மா, வண்டியில வர்றவங்களே சண்டை போடுறாங்க” என்றார் தம்பி. அவர் சங்கடம் புரிகிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் 1990 நடுவர் மன்றத்தை மட்டும் சொல்வது சரியல்ல. முதலில் விட்டதையும் பிறகு அதற்காக வருடக்கணக்கில் போராடியதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதரின் உழைப்பும் விளங்கும்.

திருக்குவளை சின்ன ஊர். தியாகராசர் இருக்கும் ஏழு சிவன் கோயில்களான விடங்கத் தலங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இசையோடும் கோயிலோடும் சேர்ந்த குடும்பம் கலைஞருடையது. அப்பா முத்துவேலர், அம்மா அஞ்சுகம், பெற்றோர் வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி. சின்ன வயதில் நாதஸ்வரம் கற்க அனுப்பினார்கள். மேலே சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிலை பிடிக்காமல் அந்தப் பையன் அதை விட்டுவிட்டான். தம்பி இதைக் கோயில் வாசலில் வைத்துச் சொல்கிறார், வீட்டு வாசலில் சொல்வதில்லை. எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்.

வீட்டை முத்துவேலர் நூலகம், அஞ்சுகம் படிப்பகம் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெற்றோரின் சிலைகள், சுவர் முழுக்கப் படங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவசரப்படுத்தாமல் விட்டார் தம்பி, நல்ல நேரம் கிடைத்தது. கலைஞர் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி பக்கத்தில்தான். 2023 ஆகஸ்ட் 25-ல் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கித் தொடங்கியது அந்தப் பள்ளியில்தான். பள்ளி நாளில் போனால் உள்ளே விட மாட்டார்கள், வெளியில் நின்று பார்க்கலாம்.

அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துதான் தேர்தல் கதை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணாநகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், கடைசியாக 2011, 2016 திருவாரூர். பேத்தி விரல் விட்டு எண்ணினாள். பதின்மூன்று.

“ஒரு தடவகூட தோக்கலையா?”

“கட்சி தோத்திருக்கு பாப்பா. அவரு தோக்கல.”

1984-ல் அவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கவே இல்லை, 1991-ல் 890 ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார், கட்சி அடியோடு தோற்றதால் அந்தப் பதவியையும் ராஜினாமா செய்தார். இதையும் சொன்னார் தம்பி. 1976-ல் ஆட்சியைக் கலைத்த பிறகு 13 ஆண்டு ஆட்சி இல்லாமல் இருந்து, 1989-ல் திரும்ப வந்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது. முதல் தொகுதியான குளித்தலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். 1957-ல் சட்டமன்றத்துக்குள் போன கலைஞரின் முதல் பேச்சே குளித்தலைப் பக்கத்து நங்கவரம் பண்ணை விவசாயிகளைப் பற்றித்தான். டெல்டாவில் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் நான்தான் பேச ஆரம்பித்தேன், தம்பி நோட்டை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

என் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை செய்தவர்கள். நாங்கள் இருந்த மனைக்கட்டு பண்ணைக்குச் சொந்தம். கூலி கேட்டாலோ, சாவு வீட்டுக்குப் போய்விட்டு நடவுக்கு ஒரு நாள் வராவிட்டாலோ “மனையக் காலி பண்ணு” என்ற ஒரு வார்த்தையில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19-ல் யார் எந்த மனையில் குடியிருந்தார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம். எங்கள் கையில் பட்டா வந்து சேர அதன் பிறகு வருடங்கள் ஆயின. வந்த பிறகு அம்மா அதைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். பண்ணையில் அவர் நிமிர்ந்து நின்று பேசியதை நான் முதலில் பார்த்தது அதற்கு அப்புறம்தான். ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைத்ததும் அதே ஆட்சிதான். அது காகிதத்தில் எவ்வளவு, வயலில் எவ்வளவு என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மனைப் பட்டா அப்படியல்ல, கைக்கு வந்தது.

அதே 1971-ல்தான் மதுவிலக்கைத் தள்ளிவைத்துச் சாராயக் கடையும் திறந்தார்கள். 1974-ல் மூடினார்கள். இடையில் இருந்த அந்த வருடங்களை அம்மா மன்னிக்கவே இல்லை. “மனையக் கொடுத்த கைதான் கடையவும் தொறந்துச்சு” என்பார். பேத்தி இதைக் கேட்டுவிட்டு அவளுடைய போனில் எழுதிக்கொண்டாள்.

2006 மே மாதம் கலைஞர் பதவியேற்ற மேடையிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடியில் கையெழுத்துப் போட்டாரே, அப்போது நான் சங்கத்தில் இருந்தேன். ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் என்று பேப்பரில் வந்தது. எங்களுக்கு அது பேர் பேராக, சர்வே எண் சர்வே எண்ணாக ராத்திரி வரை உட்கார்ந்து எழுதிய பட்டியல். “நம்ம பேரு இருக்காம்மா?” என்று கேட்டு வாசலில் ஆள் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒழுங்காகக் கடனைக் கட்டி முடித்தவர்களுக்குத் தள்ளுபடியில் ஒன்றும் இல்லை, அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நகையை விற்றும் தீராத கடனில் மாட்டியிருந்தவர்கள் மறுபடி உரம் வாங்க சங்கத்துப் படியேறி வந்ததையும் பார்த்தேன். எங்கள் சங்கத்தில் பெண்கள் தங்கள் பெயரில் பட்டாவோடு கடன் கேட்டு வருவது என் கண்ணில் பட்டது தொண்ணூறுகளில்தான். 1989-ல் மகள்களுக்கும் சமபங்கு என்று வந்த சட்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதே ஆண்டுதான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமும் வந்தது. மூவலூர் மயிலாடுதுறைப் பக்கம்தான். பெண்களைப் பொட்டுக்கட்டி தேவதாசியாக விடுவதை எதிர்த்து நின்ற அம்மா அவர்.

தம்பி இவற்றையெல்லாம் அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஓட்டுநர் கிடைப்பது அரிது.

இப்போது குறைகள். சாப்பிட மணி மூன்றாகிவிடுகிறது. வழியில் நல்ல ஹோட்டல் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருப்போம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை நிறுத்தம் என்று தனியாக எதுவும் அவர் திட்டத்தில் இல்லை. நாங்கள் கேட்டபோது ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார், ஆனால் இதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

பெரிய குறை கீழ்வெண்மணி. திருக்குவளையிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் அவருடைய பட்டியலில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கூலி கேட்ட குடும்பங்களைக் குடிசையில் வைத்து எரித்தார்கள், 44 பேர் போனார்கள். அப்போது முதலமைச்சர் அண்ணா, அந்த ஊருக்கு வந்த அமைச்சர்களில் ஒருவர் பொதுப்பணித்துறை வைத்திருந்த கலைஞர். ஒன்றரை மாதத்தில் அவரே முதலமைச்சர். 1969-ல் விவசாயக் கூலிக்கு என்று தனிச் சட்டம், 1971-ல் மனைச் சட்டம். வழக்கில் 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. திருக்குவளை வீட்டைப் பார்த்தவர்கள் வெண்மணி நினைவிடத்தையும் பார்த்தால்தான் அந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன, எதைச் செய்ய முடியாமல் போயின என்பது தெரியும். கட்சிப் பயணம் என்று நினைத்து வருபவர்கள் அங்கே வர விரும்ப மாட்டார்கள் என்று தம்பி தயங்கினார். வர விரும்பாதவர்கள் காரிலேயே இருக்கட்டும், நீங்கள் போய் நிறுத்துங்கள் என்றேன். எங்களை அன்றைக்கே தேவூர் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். கூடுதலாக எதுவும் வாங்கவில்லை, நானாகத்தான் இருநூறு ரூபாய் கொடுத்தேன். இனிமேல் கேட்பவர்களுக்கு அதே வாடகையில் வெண்மணியையும் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். வயதானவர்களோடு போவதாக இருந்தால் மார்கழி, தை நல்லது, சம்பா வயலும் பார்க்க அழகாக இருக்கும். பங்குனியில் ஆழித்தேர் சமயத்தில் நான்கு வீதியிலும் வண்டி விட மாட்டார்கள், கமலாலயம் நிறுத்தத்தை அன்றைக்கு நடந்துதான் பார்க்க வேண்டும். ஜூன் 3-ஐ ஒட்டிய நாள்களில் திருக்குவளையில் கூட்டம் அதிகம், வீட்டுக்குள் நின்று படிக்க முடியாது.